பெட்டிக்குள் எரிந்த சிவப்பு விளக்கு

ஜனவரி 6, திங்கள்

ஜிமிக்கி, உன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போனாங்க.

வேலை முடிந்து வந்து பார்த்தால் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்ரீனுக்கு முகம் பாதியாகிவிட்டது. ரெஜிஸ் தாடி விட்டிருக்கிறான், அவனுக்குப் பொருந்தவே இல்லை. டீ போட்டுக் கொடுத்தேன். ரெண்டு பேரும் உன் போட்டோவைப் பார்க்காமல் காலண்டரையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

சம்ரீன்தான் பேசினாள். பிப்ரவரி கடைசியில் தில்லை நகரில் ஒரு மியூசிக் ஸ்கூல் மாடியில் நிகழ்ச்சியாம். நீ போட்ட பாட்டை அவள் பாடுகிறாள், உன் இடத்தில் ரெஜிஸ் கிடார். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. "பாட்டு ஆரம்பிக்கிறதே அனுவோட பெடல் சத்தத்துலதான் ஆன்ட்டி. கடையில வாங்குனது எதுலயும் அது வரல. அது எங்களுக்கு வேணும்" என்றாள். ஊருக்கெல்லாம் நீ அனு, எனக்குத்தான் ஜிமிக்கி.

பெடல் என்றால் அந்த இரும்புப் பெட்டி. சுவிட்சு போர்டுக்காகச் சுவரில் பதிக்கிற பெட்டியை எலக்ட்ரிக் கடையில் வாங்கிவந்து, ஓட்டை போட்டு, உள்ளே என்னென்னமோ பத்தவைத்து, கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டிக் காலால் மிதிப்பாயே, அது. மிதித்தால் நல்லா இருக்கிற கிடார் சத்தம் கரகரவென்று கிழியும்.

அப்பவே எடுத்துக் கொடுத்திருக்கலாம். "துடைச்சு வெக்கிறேன், பொங்கல் கழிச்சு ஞாயித்துக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டுமே என்றுதான்.

இந்த டைரி கம்பெனியில் கொடுத்தது. வருஷா வருஷம் நீதான் வாங்கிக்கொள்வாய். இந்த வருஷம் நானே எழுதுகிறேன்.

ஜனவரி 7

மஸ்கட்டிலிருந்து உன் அப்பா போன். பெடல் கேட்டு வந்தார்கள் என்று சொன்னேன். "குடு. ஆனா நீ அத நோண்டாத மீனா. புள்ள எப்படி வெச்சாளோ அப்படியே இருக்கட்டும்" என்றார். சரிங்க என்றேன்.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கமே நெரிசல். ஒன்னாம் நம்பர் பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிட்டான், பாலம் வரைக்கும் நடந்து போய் ஏறினேன். கம்பெனிக்கு லேட். நமக்கு இந்த வருஷம் கோயில் இல்லை. மேல்வீட்டு மாமி படியில் என்னைப் பார்த்துவிட்டு, "பரமபத வாசல் சேவிச்சுட்டு வரேன்டிம்மா. உன் பொண்ணுக்கும் சேர்த்துதான் சேவிச்சேன்" என்று சொல்லிவிட்டு, தொடாமல் ஒதுங்கி ஏறிப் போனாள். நல்ல மனசுதான்.

ஜனவரி 12, ஞாயிறு

துடைக்கலாம் என்றுதான் எடுத்தேன்.

கிடாரை மாட்டி, ஸ்பீக்கரைப் போட்டு, பெடலைக் கையால் அமுக்கித் தந்தியைத் தட்டினேன். விட்டு விட்டு வந்தது. பேட்டரி கம்பி ஆடியது. அதை மட்டும் பத்தவைத்துவிடலாம் என்று அடி மூடியைக் கழற்றினேன்.

கழற்றினதும் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. என்னடி சோல்டர் இது! மென்று துப்பின சூயிங்கம் மாதிரி ஒவ்வொரு இடத்திலும் ஒரு உருண்டை. எடமலைப்பட்டி புதூரில் ஸ்டெபிலைசர் போர்டுக்கு சோல்டர், அதாவது ஈயத்தை உருக்கிப் பத்தவைக்கிறதுதான் எனக்குப் பிழைப்பு. ஆறாவதோடு நின்ற எனக்குச் சுத்தமாகத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். உனக்கு நான் சொல்லித் தரவே இல்லை. நீயும் கேட்கவில்லை, போனைப் பார்த்தே கற்றுக்கொண்டாய். இந்த மாதிரி ஒரு போர்டு எங்கள் செக்கிங் பீமராவ் சார் கைக்குப் போனால் ரிஜெக்ட் டிரேயில் எறிவார். அந்த மியூசிக் ஸ்கூலில் எவனாவது மூடியைத் திறந்து பார்த்து, இவ அம்மா சோல்டர் வேலைதானே பாக்குறாங்க என்று சொல்லிவிட்டால்? அப்படித்தான் நினைத்தேன். உன்னை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

எல்லா உருண்டையையும் உருக்கி எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் புதிதாக வைத்தேன். ஒவ்வொன்றும் மழைத்துளி மாதிரி பளபளவென்று நிற்கிறது.

அப்புறம் டயோடு, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற பொடிச் சாமான். எங்கள் போர்டில் டயோடு எப்போதும் ஜோடியாகத்தான் வரும். ஒரே கம்பெனி, ஒரே நம்பர். ஜோடி மாறினால் வீடு எரியும் மீனாம்மா என்று பீமராவ் சார் சொல்லிக்கொண்டே இருப்பார். உன்னுடையதில் ஒன்று பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கின கண்ணாடி டயோடு. அதற்கு ஜோடியாக இருக்க வேண்டிய இடத்தில் டயோடே இல்லை, ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. ஸ்டெபிலைசர் முகப்பில் 'ஆன்' என்று காட்ட எரியுமே, அந்த விளக்கு. இரும்பு மூடிக்குள்ளே எரிகிற விளக்கு யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? புள்ள அவசரத்தில் இடம் மாற்றி வைத்துவிட்டாள் என்றே முடிவு பண்ணிவிட்டேன். ரெண்டையும் எடுத்துவிட்டு, வீட்டில் இருந்த புது டயோடு ஒரு ஜோடி வைத்தேன்.

திரும்பத் தட்டிப் பார்த்தேன். கரகரப்பு அடங்கி ஒரே சீராக வந்தது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. உன் வேலையை முடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

தரையில் கிடந்த பழைய ஈயம், கம்பித் துண்டு, கழற்றின கண்ணாடி டயோடு, சிவப்பு விளக்கு எல்லாவற்றையும் பேப்பரில் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

ஜனவரி 13

போகி. தெரு முழுக்கப் புகை. நமக்குப் பொங்கல் கிடையாது. குப்பை வண்டி வந்தது, கொட்டினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வந்தார்கள்.

ரெஜிஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெடலை மாட்டினான். சம்ரீன் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அமுக்கினான், தட்டினான். சத்தம் வந்தது. சம்ரீன் கண்ணைத் திறந்தாள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"பேட்டரி வீக்கா இருக்குமோ?" என்றான். கீழே கடைக்கு ஓடிப் போய்ப் புதிது வாங்கி வந்தான். திரும்பத் தட்டினான். அதே சத்தம். சீராக, சுத்தமாக. நான் வைத்த சத்தம்.

"இது அது இல்லடா" என்றாள் சம்ரீன்.

"ஆன்ட்டி, யாராச்சும் இத திறந்தாங்களா?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். நான் சொல்கிறேன்: "இல்லப்பா. நான் தொடவே இல்ல. துடைச்சேன், அவ்ளோதான்."

ஏன் சொன்னேன்? வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

சம்ரீன் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "அவ கூடவே அதுவும் போயிருச்சு போல ஆன்ட்டி" என்கிறாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எந்தக் கையால் பிடுங்கினேனோ அதே கையால்.

பெடலை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஜனவரி 20

ஜிமிக்கி, கொள்ளிடம் பாலத்துல அந்த லாரி உன்னைத் தட்டுனது என்னால இல்ல. எல்லாரும் சொல்லிட்டாங்க, நானும் ஒத்துக்கிட்டேன். உன்னை வண்டி எடுக்காதன்னு நான் சொல்லியிருந்தாலும் நீ எடுத்திருப்ப. அத நெனச்சு அழறேன், ஆனா அதுல என் கை இல்ல.

இது என் கை. நீ விட்டுட்டுப் போனதுல உயிரோட இருந்தது ஒண்ணுதான். அதையும் நான் உக்காந்து, நல்லா வெளிச்சத்துல, பொறுமையா, துளித்துளியா பிடுங்கிப் போட்டிருக்கேன்.

ஜனவரி 22

அப்பா போன். "குடுத்துட்டியா?" என்றார். "வந்து பாத்தாங்க" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் பொய்தான்.

ஜனவரி 25, சனி

அரை நாள் லீவு சொல்லிவிட்டு சிங்காரத்தோப்பு பக்கம் போனேன். அங்கே சந்துக்குள் கியாசுதீன் பாய் ரேடியோ ரிப்பேர் கடை இருக்கிறது என்று கம்பெனியில் சொன்னார்கள். கடை என்றால் நிற்க ஒரு ஆள் இடம், மிச்சமெல்லாம் செத்த ரேடியோ.

"கண்ணாடி டயோடு வேணும் பாய். பழைய ரேடியோவுல வருமே."

"என்ன, ரேடியோ கரகரங்குதா?"

"இல்லங்க பாய். கிடார் கரகரங்கணும்."

கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தன வருசமா சத்தம் கிழியுது பாய், சரி பண்ணுங்கன்னுதான் வந்து நிப்பாங்க. கிழிச்சுக் குடுங்கன்னு வந்து நிக்கிற மொத ஆளு நீங்கதாம்மா" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாச்சு.

சிவப்பு விளக்கைப் பற்றிச் சொன்னேன். ஜோடி இல்லாமல் இருந்ததை நான் சரி பண்ணினதையும் சொன்னேன். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. அவர் ஒரு பேப்பரில் அலை மாதிரி வரைந்தார். "சத்தம் இப்படி மேலயும் கீழயும் போகுதா? மேல வர்றத ஒருத்தன் வெட்டுறான், கீழ வர்றத இன்னொருத்தன் வெட்டுறான். வெட்டுனாத்தான் கிழியும். ரெண்டு பேரும் ஒரே அளவா வெட்டுனா ஒரு சத்தம். இவன் நெறய, அவன் கொஞ்சமா வெட்டுனா அது வேற சத்தம்." விளக்கும் டயோடு ஜாதிதானாம். அது கொஞ்சமாக வெட்டுமாம்.

அப்போ நீ தப்பாக வைக்கவில்லை. நான்தான்.

செத்த ரேடியோக்களைக் கிளறி ஒரு கை கண்ணாடி டயோடு கொடுத்தார். "ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, போட்டுப் போட்டுத்தான் பாக்கணும்" என்றார். அப்புறம், "யாரு வாசிக்கிறது?" என்று கேட்டார்.

"என் பொண்ணு பாய்."

"மாஷா அல்லாஹ். ஒரு நாளு கூட்டிட்டு வாங்க, இந்தப் பெரிய ஸ்பீக்கர்ல வாசிக்கட்டும்."

"சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல?

ஜனவரி 26, ஞாயிறு

உன் போனில் அந்த வீடியோ இருக்கிறது. நீ பெடலைச் செய்து முடித்த அன்றைக்கு எடுத்தது. உன் சத்தம் எப்படி இருந்தது என்பதற்கு இப்போது இருக்கிற சாட்சி அது ஒன்றுதான். அதைப் போட்டுக் கேட்டு, ஒரு டயோடு வைத்துத் தட்டிப் பார்த்து, திரும்பக் கேட்டு, எடுத்துவிட்டு அடுத்ததை வைத்து, இப்படியே காலையிலிருந்து.

நான் இன்னும் கையால்தான் அமுக்குகிறேன். வாத்தியத்தை மிதிக்கிறியேடி என்று நான் திட்டின பிறகு, நீ ஒவ்வொரு தடவை மிதித்ததும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். என்னைக் கேலி பண்ணத்தான். மேடையிலேயும் பண்ணுவாள் ஆன்ட்டி, ஜனம் சிரிக்கும் என்று சம்ரீன் சொல்லியிருக்கிறாள்.

வீடியோவில் நீ மிதிக்கிறாய். சத்தம் வருகிறது, நீளமாக, ஓரத்தில் ஒரு மாதிரி அழுதுகொண்டு. அந்த அழுகைதான் என் ஜோடி டயோடில் இல்லாதது. சரியாக அந்த இடத்தில் ஒரு பொம்பளை கத்துகிறாள். "ஏய், நிறுத்துடி! குக்கர் எத்தன விசில் வந்துச்சுன்னே தெரியல!"

நீ சிரித்துக்கொண்டே, "அம்மா, ரெக்கார்ட் ஆவுதும்மா!"

அதற்கும் அவள் விடவில்லை. "என்னத்த ரெக்கார்டு, தகரத்த அறுக்குற மாதிரி!"

அதோடு வீடியோ முடிகிறது.

எத்தனை தடவை போட்டாலும் கேட்க வேண்டிய இடத்தில் என் குரல்தான் கேட்கிறது. உன் சத்தத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தள்ளிவிட்டு உன்னைக் கேட்க முடியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்கும் பூரா உட்கார்ந்தேன். ஒன்று ரொம்பக் குறைச்சல். ஒன்று சத்தமே இல்லை, செத்தது. ஒன்று வந்தது, ஆனால் சளி பிடித்த மாதிரி. சூடு பட்டு ஒன்றின் கண்ணாடி விரிந்துவிட்டது. கட்டைவிரலில் கொப்புளம்.

மாமி படியில் நின்று, "என்னடிம்மா, ரம்பம் வெச்சு அறுக்கறாப்ல இருக்கே?" என்றாள். "நிறுத்திடறேன் மாமி" என்றேன். "நிறுத்துன்னு நான் சொன்னேனா? அவ இருக்கறச்சே தினம் சண்டைக்கு வருவேன். இப்போ கேக்கறச்சே... இருக்கட்டும், வாசி" என்று ஏறிப் போய்விட்டாள்.

வாசிக்கிறேனாம்.

பிப்ரவரி 4

வேலையில் ஜோடி மாற்றி ஒரு போர்டு அனுப்பிவிட்டேன். பீமராவ் சார் கையில் வைத்துக்கொண்டு, "மீனாம்மா, உங்க கையா இது?" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிடைத்துவிட்டது. கிடைத்த மாதிரி இருக்கிறது.

பாய் கொடுத்ததில் மிச்சம் இருந்த ஒன்று, பச்சைக் கோடு போட்டது. அந்தப் பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. தட்டினேன். ஓரத்தில் அந்த அழுகை வந்தது. வீடியோவைப் போட்டேன், திரும்பத் தட்டினேன். அதுதான். அது இல்லை. அதுதான். காது பழகிப் போய் எனக்கே ஒன்றும் தெரியவில்லை. மூடி கழற்றி வைத்தபடியே தட்டினால் அந்த விளக்கு ஒவ்வொரு தட்டுக்கும் மினுக்மினுக்கென்று எரிகிறது. இதை நீ பார்த்திருப்பாய். மூடி போட்ட பிறகு யாருக்கும் தெரியாது என்று தெரிந்தே மூடியிருப்பாய்.

சம்ரீனுக்குப் போன் பண்ணி, "இன்னொரு தடவ வந்து பாரும்மா" என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ரெஜிஸுக்கு வேலை, அவள் மட்டும் வந்தாள். அவளுக்கும் கொஞ்சம் கிடார் தெரியும். மாட்டி மிதித்தாள். ஒரே தட்டு.

"ஆன்ட்டி! இதேதான்! ஆன்ட்டி இதேதான்!" ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அந்த பேட்டரிதான் சரியில்ல போல. போகலல்ல ஆன்ட்டி, அவ போகலல்ல?"

நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொல்லாமலே எவ்வளவு பெரிய பொய்.

எடுத்துக்கொண்டு போய்விட்டாள். துப்பட்டாவில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு.

பிப்ரவரி 13

சம்ரீன் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பெடல் போட்டோ போட்டிருக்கிறாள். கீழே, "எங்க அனு கையால செஞ்சது. அதே சத்தம், அதே அவ" என்று. எவ்வளவோ பேர் அழுகிற பொம்மை போட்டிருக்கிறார்கள். கம்பெனியில் ஒருத்தி தனக்கு வந்ததை என்னிடமே காட்டி, "பாருங்கக்கா" என்றாள். பார்த்தேன்.

அதில் உன் கை எங்கே இருக்கிறது? ஓட்டை போட்டது நீ. டிரான்சிஸ்டர், கம்பி எல்லாம் நீ வைத்தது. ஆனால் ஒரு சோல்டர்கூட உன்னுடையது இல்லை. அழுகிற இடம் உன்னுடையது இல்லை. அந்தப் புள்ள என் சோல்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உன் பேரைச் சொல்கிறாள்.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? அவள் சந்தோஷமாகப் பாடிவிட்டுப் போகட்டுமே.

அவள் எடுத்துப் போனதிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னால் முடியாது. சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பாலக்கரைக்குப் போனேன். சம்ரீன் அம்மா நஜீமா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். "இளைச்சுப் போயிட்டீங்களே, சாப்டுட்டுத்தான் போகணும்" என்று சமையல்கட்டுக்குப் போனார்கள். சம்ரீனும் நானும்தான் இருந்தோம்.

சொல்லிவிட்டேன். திறந்தது, ஜோடி மாற்றினது, குப்பை வண்டியில் போட்டது, தொடவே இல்லை என்று சொன்னது, பாய் கடைக்குப் போனது, இப்போது இருக்கிறது நான் தேடி வைத்தது என்று எல்லாம். தலையைக் குனிந்துகொண்டு ஒரே மூச்சாகச் சொன்னேன். இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழவில்லை.

"ஏன் ஆன்ட்டி சொன்னீங்க?"

"மனசு கேக்கலம்மா."

"உங்களுக்குக் கேக்கல, சரி. எனக்கு? நான் இந்த ஒரு வாரமா அவ கூட இருந்தேன் ஆன்ட்டி. தெனம் வாசிச்சேன். தெரியாமலே இருந்திருப்பேன்ல?"

கொப்புளம் காய்ந்த கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல அத எடுத்தீங்க. திருப்பிக் குடுத்தீங்க. இப்ப வந்து மறுபடி எடுத்துட்டீங்க" என்றாள். சத்தமே போடாமல் சொன்னாள்.

நஜீமா தட்டோடு வந்துவிட்டார்கள். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

நான் இறக்கி வெச்ச பாரத்த அந்தப் புள்ள தலையில ஏத்திட்டு வந்திருக்கேன், ஜிமிக்கி. அத நெனச்சுப் பாக்கல. சொல்லிட்டா சரியாப் போயிரும்னு நெனச்சேன். யாருக்குச் சரியாப் போச்சு?

பிப்ரவரி 17

அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 19, புதன்

ரெஜிஸ் பொன்மலையிலிருந்து சைக்கிளில் வந்தான். தாடியை எடுத்துவிட்டான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"சம்ரீன் சொன்னா."

"ம்."

"எனக்கு மொதல் நாளே தெரியும் ஆன்ட்டி. பேட்டரி மாத்துறப்ப மூடியத் தொறந்தேன்ல? உள்ள நக கடை மாதிரி மின்னுது. அனு சோல்டர் வெச்சா நாய் கக்குன மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டு அவனே பயந்துபோய், "சாரி ஆன்ட்டி" என்றான்.

ஐயோ, சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அப்புறம் ரெண்டு பேராலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை, நிறுத்தினபோது வேறு மாதிரி ஆகிவிட்டது.

"தெரிஞ்சும் ஏன்ப்பா கேட்ட?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு கேட்டேன்."

"அப்புறம் ஏன் சும்மா இருந்த?"

"நீங்க அப்படி நின்னீங்க ஆன்ட்டி" என்றான். எப்படி நின்றேன் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை நிகழ்ச்சி இருக்கிறதாம். பெடலை வைத்துத்தான் வாசிக்கணுமா வேண்டாமா என்று சம்ரீன் இன்னும் சொல்லவில்லையாம். "நீங்க வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 22, சனி

போனேன். கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். எல்லாம் சின்னப் புள்ளைகள். என் புடவையைப் பார்த்து ஒருத்தன் எழுந்து நல்ல நாற்காலி கொடுத்தான்.

மேடையில் ரெஜிஸ் காலடியில் பெடல் இருந்தது. சம்ரீன் மைக்கைப் பிடித்தாள். பெடலைப் பற்றி ஏதாவது சொல்லுவாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இது அனுவோட பாட்டு" என்றாள். அவ்வளவுதான்.

ரெஜிஸ் மிதித்தான்.

நான் அந்தப் பாட்டை அதுவரை முழுசாகக் கேட்டதே இல்லை. வீட்டில் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, கத்திக்கொண்டே. இப்போது முழுசாகக் கேட்டேன். இது உன் சத்தம் இல்லை என்று அந்த மாடியில் மூன்று பேருக்குத் தெரியும். மற்ற எல்லோரும் கை தட்டினார்கள். எந்த இடத்தில் எந்த சோல்டர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாட்டு பாதிக்கு மேல் போன பிறகு அது மறந்துவிட்டது. அது தப்பா?

முடிந்ததும் சம்ரீனைப் பார்க்கலாம் என்று எழுந்தேன். அவள் அந்தப் பக்கப் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 23

உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். "நோண்டாதன்னு சொன்னேன்ல" என்றார். அப்புறம் அழுதார். அவர் அழுது நான் கேட்டது இதுதான் முதல். உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட எனக்காக அடக்கிக்கொண்டு நின்றார்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். சம்ரீன் வீட்டிலிருந்து சேமியா வந்தது. ரெஜிஸ் கொண்டுவந்தான். போன வருஷம் அவளே கொண்டுவந்து, நீயும் அவளும் அடுப்படியிலேயே நின்று கிண்ணத்தோடு காலி பண்ணினீர்கள்.

"யாரு குடுத்து விட்டா? நஜீமாவா?"

"சம்ரீன்தான் ஆன்ட்டி."

"அவளுக்கு வர மனசு இல்லையாக்கும்."

"இங்க வரைக்கும்தான் வந்தா. தெரு முனையில நிக்கிறா" என்றான்.

எட்டிப் பார்த்தேன். நின்றாள். நான் கையைத் தூக்கினேன். அவள் தூக்கவில்லை, போகவும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சம்ரீன் வந்தாள். தனியாக.

உள்ளே வந்து பெடலை மேசையில் வைத்தாள். உன் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"புதுசா ஒரு பாட்டு போடுறோம் ஆன்ட்டி. அதுக்கு இது சரிப்படாது. வேற பெடல் வேணும்."

"ம்."

"செஞ்சு குடுப்பீங்களா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆனா அனுவோடது மாதிரி வேணாம். அது மாதிரி பண்ணிறாதீங்க. அது ஒண்ணுதான்." கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள். கோபம் போகவில்லை. போக வேண்டாம், வந்தாளே.

"டீ குடிக்கிறியா?" என்றேன்.

"சக்கர கம்மியா" என்றாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எலக்ட்ரிக் கடையில் அதே மாதிரி இரும்புப் பெட்டி வாங்கினேன். ஓட்டை போடத் தெரியவில்லை, கோணலாகப் போய்விட்டது. நீ எப்படித்தான் அவ்வளவு நேராகப் போட்டாயோ.

மற்றதெல்லாம் உன்னுடையதைத் திறந்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து வைத்தேன். டயோடு இடம் வந்தது. கை அதுபாட்டுக்கு ஒரே மாதிரி இரண்டைப் பொறுக்கி எடுத்தது. எத்தனை வருஷப் பழக்கம். திரும்ப வைத்துவிட்டேன்.

அப்புறம் மிச்ச டயோடும் விளக்கும் கலந்து கிடக்கிற டப்பாவைக் குலுக்கி, பார்க்காமல் கையை விட்டு இரண்டு எடுத்தேன். ஒன்று கறுப்பு டயோடு. இன்னொன்று மஞ்சள் விளக்கு. எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல், யாரையும் கேட்காமல் அப்படியே பத்தவைத்துத் தட்டினேன். ஒரு சத்தம் வந்தது. உன்னுடையது இல்லை. முன்னால் கேட்டதும் இல்லை. நல்லா இருக்கா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, சம்ரீன்தான் சொல்லணும். ஆனா நிறுத்தாம தட்டிக்கிட்டே இருந்தேன்.

ஜிமிக்கி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் கண்ணாடியையும் சிவப்பு விளக்கையும் நீ காது குடுத்துத் தேடித்தேடி வெச்சியா, இல்ல உனக்கும் இப்படித்தான் கைக்கு வந்துச்சா?